ஆளோலை

ஆள் + ஓலை. 'ஆள்' இங்கே பணியாள், அடிமை. 'ஓலை' பனையோலை, அதன் வழியே ஆவணம். ஒருவர் இன்னொருவருக்கு ஆளாக எழுதிக்கொடுத்த பத்திரமே ஆளோலை.

இச்சொல்லுக்குப் புகழ் தந்தவர் திருநாவலூர்ச் சுந்தரர். அவருடைய திருமணத்தைத் தடுத்த முதியவர் ஓர் ஓலையை நீட்டுகிறார்: சுந்தரரின் பாட்டனார் தம்மையும் தம் மரபையும் அடிமையாக எழுதிக்கொடுத்தது. சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான். 'படி' என்றால் நகல். மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவருகிறது. அவையோர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. காப்பிலிருந்த பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்புநோக்குகிறார்கள்; பிறகே சுந்தரர் தோற்றார் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கும் வழக்கு இது.

ஆங்கிலம் கற்பிக்க வியட்நாமுக்கோ தாய்லாந்துக்கோ கிளம்புகிறவர் கையிலிருப்பது அடிமைப் பத்திரமல்ல, பணி ஒப்பந்தம். ஆனாலும் அவையோரின் முறை இன்றும் பொருந்தும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புவது படியோலை. பள்ளி கையொப்பமிட்ட மூலத்தைக் கேட்டு வாங்கி, வார வகுப்பு நேரம், சம்பளம், தங்குமிடம், விமானக் கட்டணம், இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகை என வரிவரியாக ஒப்புநோக்க வேண்டும். கையெழுத்துப் போட்டபின் கிழித்துப் பயனில்லை.