மருந்துக் கடைக்கு ஒரு அரண்மனை

அரியலூர், பெரம்பலூர் பக்கமிருந்து சென்னை போனவர்கள் அண்ணா சாலையில் ஒரு பழைய சிவப்புக் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம். ஏதோ நவாப்பின் அரண்மனை என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அது மருந்துக் கடையாகக் கட்டப்பட்டது!

விக்டோரியா மகாராணி காலத்தில், 1897-ல், டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் கட்டினார். அப்போதைய பெயர் கார்டைல் பில்டிங். வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீபன். வெள்ளைக்காரர் கடைக்கு மினார் போன்ற கோபுரங்களும் முகலாய பாணி வளைவுகளும். இதைத்தான் இந்தோ-சாரசெனிக் பாணி என்கிறார்கள். பிறகு பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீட்டுத் துறை தேசியமயமானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது.

2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் தீர்ப்பு கடப்பாரையைத்தான் தடுக்கும், மழையைத் தடுக்காது. பழுது பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சிமெண்டுக்குப் பேர்போன அரியலூர்க்காரனே சொல்கிறேன், அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிரும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் காப்பாற்ற முடியும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள்.