லூவரில் காலிச் சட்டங்கள்

பாரிஸ் போகும் நம்மவர்கள் பலரும் லூவரில் மோனா லிசாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டேன். 77 சென்டிமீட்டர் உயரப் படம். எட்டி எட்டித்தான் பார்க்க முடிந்தது, போங்கள்!

வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியை மனப்பாடம் செய்தோமே, அதே புரட்சிதான் 1793-இல் இந்த அரண்மனையை அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பாடத்தில் வராத கதை.

1939 ஆகஸ்ட் 25. பழுதுபார்க்கிறோம் என்று சொல்லி லூவரின் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நடந்ததே வேறு! ஜாக் ஜோஜார் என்ற அதிகாரியின் ஏற்பாட்டில், ஊழியர்களும் கலை மாணவர்களும் ராப்பகலாகப் படங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்தார்கள். மோனா லிசா ஷாம்போர் கோட்டைக்குப் போனாள்.

படிக்கட்டின் உச்சியில் நிற்கும் சமோத்ராஸ் சிறகு தேவதையை நகர்த்துவதுதான் பெரும்பாடு. 1863-இல் துண்டு துண்டாகக் கிடைத்து, ஒட்டி நிறுத்திய பளிங்குச் சிலை அது. பிரான்ஸ் போர் அறிவித்த செப்டம்பர் 3 அன்று, மரச் சறுக்கின்மேல் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். கயிறு நழுவியிருந்தால் அவ்வளவுதான்!

1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிசுக்குள் நுழைந்தபோது லூவரின் சுவர்களில் பெரும்பாலும் காலிச் சட்டங்களே மிஞ்சியிருந்தன. என்னைக் கேட்டால், ஜோஜாரின் பெயர் தளபதிகளின் பெயர்களோடு பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும். தேவதை 1945-இல் திரும்பினாள்.

நம் மாணவர்கள் யாராவது அங்கே போனால், அந்தப் படிக்கட்டை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள்.