கிள்ளான் காக்கையும் கைப்பிடிச் சோறும்

மனையின் புறத்தே உணவு வைத்து, அதனை நாடி வரும் பறவைகளைக் கண்டு மகிழ்தல் உலக மக்கள் பலரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். 1890–91 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பனி மூடிக் கிடந்த பிரித்தானிய நாட்டில், இரையின்றி வாடிய பறவைகட்கு ரொட்டித் துண்டுகளை இடுமாறு செய்தித்தாள்கள் மக்களைத் தூண்டின. அன்று பரவிய பழக்கம், இன்று வீட்டுத் தோட்டங்களில் விதைக்கூடு தொங்கவிடும் பெருவழக்காக வளர்ந்துள்ளது. தமிழர்க்கோ இது புதுவது அன்று. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றில் முதற்பிடியைக் காக்கைக்கு வைத்து, அது வந்து கொத்தும்வரை வாயிலில் நிற்றல் தமிழ்க் குடும்பங்களின் தொன்மையான ஒழுக்கம். அவ்வொழுக்கம் கடல் கடந்து மலாயா மண்ணுக்கு வந்த கதையும், அதனை ஏற்கும் காக்கை இம்மண்ணுக்கு வந்த கதையும் வெவ்வேறானவை. இரண்டையும் சேர்த்து நோக்கினால்தான், இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் காக்கையைப் பற்றி எழுந்துள்ள பூசலுக்குத் தெளிவு பிறக்கும்.

முதற்கண் இலக்கியச் சான்று காண்போம். குறுந்தொகையின் 210 ஆம் பாட்டைப் பாடிய நச்செள்ளையார், அப்பாட்டின் சிறப்பாலேயே காக்கைபாடினியார் என்னும் பெயர் பெற்றார். பிரிந்து மீண்ட தலைவன், தலைவியை ஆற்றுவித்த தோழியைப் பாராட்டுகின்றான். அவளோ அப்புகழைத் தான் ஏற்காது, விருந்து வரக் கரைந்த காக்கைக்கே உரியதாக்குகின்றாள். நள்ளியின் கானத்து ஆயர்தம் ஆனெய்யோடு, தொண்டியில் விளைந்த வெண்ணெல்லின் சோற்றை ஏழு கலங்களில் ஏந்தித் தரினும் அக்காக்கைக்கு இடும் பலி சிறிதே என்பது அவள் கூற்று. ஐங்குறுநூற்றில் ஒரு தாய், உடன்போக்கில் சென்ற மகள் மீண்டு வரக் கரையுமாறு காக்கையை வேண்டி, பொற்கலத்தில் ஊன் கலந்த சோறு தருவதாகக் கூறுகின்றாள். நற்றிணையிலோ, கடவுள் உறையும் ஆலமரத்தடியில் இட்ட பலியை உண்ட காக்கை, அந்திப் பொழுதில் தன் கிளையோடு சென்று சேர்கின்றது.

இச்சான்றுகளில் ஒரு நுட்பம் உண்டு. சங்கச் செய்யுட்கள் காட்டும் காக்கை விருந்தின் வரவை உரைப்பது; கடவுட்கு இட்ட பலியை உண்பது. முன்னோர் காக்கை வடிவில் வருவர் என்னும் நம்பிக்கையும், காக்கையைச் சனியின் ஊர்தியாகக் கருதிச் சனிக்கிழமைதோறும் சோறிடும் வழக்கும் இம்மூன்று பாடல்களிலும் இல்லை. காலம் மாறுந்தோறும் சோறிடுவதற்கான காரணம் மாறியுள்ளது. சோறிடும் கை மாறவில்லை. அமாவாசைப் படையலும், பொங்கலை அடுத்த கனுப்பிடியும் அக்கையின் தொடர்ச்சியே எனலாம்.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். காக்கைக்குச் சோறிடும் மக்கள் பெருகி வாழும் ஊராதலின், காக்கையையும் அவர்களே கொணர்ந்தனர் என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறாக உள்ளது. 1890களில் சிலாங்கூரின் முதன்மைத் தோட்டப் பயிர் காப்பி. கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியையும் இணைத்து 1886 இல் தொடங்கிய இருப்புப்பாதை, அத்தோட்டங்களின் விளைவைக் கப்பலுக்குக் கொண்டு செல்ல உதவிற்று. அக்காலத்தில் இலை தின்னும் புழுக்கள் காப்பிச் செடிகளை மொட்டையாக்கின. இன்றுள்ள பூச்சிமருந்துகள் அன்று இல்லை. புழுவைத் தின்னும் பறவையைக் கொணர்ந்தால் பயிர் பிழைக்கும் எனத் தோட்டத்துரைமார் கருதினர். அவருட் பலர் இலங்கைத் தோட்டங்களை அறிந்தவர். அங்கே மனிதர் வாழும் இடமெங்கும் கூட்டங்கூட்டமாகத் திரிந்த ஊர்க்காக்கை அவர்கள் நினைவுக்கு வந்தது. இவ்வாறு இலங்கையிலிருந்து பிடிக்கப்பட்ட காக்கைகள் கப்பலேறிக் கிள்ளானில் விடப்பட்டன.

இச்செய்தி செவிவழிக் கதை அன்று. கொழும்பு அருங்காட்சியகத்தின் ஆய்விதழான 'ஸ்போலியா சைலானிக்கா' 1903 இல் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே, இலங்கைக் காக்கைகளை மலாய்த் தீபகற்பத்தில் குடியேற்றியது பற்றிய கட்டுரை இடம்பெற்றது. அருங்காட்சியகத் தலைவர் ஆர்தர் வில்லியோடு அதனை எழுதியோருள், முன்னர்ச் சிலாங்கூரின் பிரித்தானிய ரெசிடெண்டாக விளங்கிய திரெச்சரும் ஒருவர். ஒரு பறவையின் குடியேற்றம் ஆட்சியாளர் கையெழுத்தோடு பதிவானது அரிய நிகழ்ச்சியே.

காக்கை வந்தது, ஆயினும் காப்பி நிலைக்கவில்லை. புழுவோடு விலைவீழ்ச்சியும் சேர்ந்து அத்தொழிலைச் சாய்த்தது. சில ஆண்டுகளிலேயே காப்பி நின்ற நிலமெல்லாம் ரப்பர் ஆயிற்று. எப்பணிக்கென அழைத்து வரப்பட்டதோ அப்பணி ஒழிந்த பின்னும் காக்கை ஒழியவில்லை. ஊர்க்காக்கைக்குக் காடு வேண்டுவதில்லை. மனிதன் வாழும் தெருவே வேண்டும். 1901 இல் திறக்கப்பட்டு, 1972 இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் சிந்திய தானியமும், மீன் அங்காடியின் கழிவும், லயங்களின் வாயிற்சோறும் அதனை வளர்த்தன. நாளடைவில் அது கோலாலம்பூர் வரை பரவிற்று. இதே இனம் 1890களில் ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவுக்கும் கொண்டு செல்லப்பட்டு, அங்கும் பெருகிப் பெருந்தொல்லையாயிற்று.

இங்ஙனம் கூறுவதால், முன்பு இந்நாட்டில் காக்கையே இல்லை என்று கொள்ளலாகாது. உடல் முழுதும் கருமையும் தடித்த அலகும் உடைய அண்டங்காக்கை இத்தீபகற்பத்திற்கு உரிய பறவையே. கழுத்திலும் மார்பிலும் சாம்பல் நிறமுடைய ஊர்க்காக்கைதான் வந்தேறியது. மலாய் மொழியும் இதனைக் 'காகாக் ரூமா', அதாவது வீட்டுக்காக்கை, எனப் பொருத்தமாக அழைக்கின்றது. பிரிக்பீல்ட்ஸ் மதிலிலோ கிள்ளான் கடைத்தெருக் கம்பியிலோ அமர்ந்திருப்பதன் கழுத்தை ஒருமுறை உற்று நோக்கினால் மாணவனும் இவ்விரண்டையும் பிரித்தறிவான்.

காக்கையைத் தொடர்ந்து இன்னொரு பறவையும் இங்கே வேரூன்றியது. குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. முன்னர்ப் பெரும்பாலும் பருவந்தோறும் வந்து மீளும் பறவையாயிருந்த குயில், ஊர்க்காக்கை பெருகிய பின் அதன் கூடுகளை நம்பி ஊர்களிலேயே தங்கிப் பெருகியது எனப் பறவை நூலார் காட்டுவர். விடியலில் அடுக்குமாடி வீடுகளிடையே கேட்கும் குயிற்குரல், ஒரு வகையில் அன்றைய காப்பித் தோட்டங்களின் எச்சம்.

இனிப் பூசலுக்கு வருவோம். காக்கை பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவர்கின்றது; குப்பையைக் கிளறுகின்றது; அந்தியில் ஆயிரமாகக் கூடி மரங்களையும் நடைபாதைகளையும் எச்சத்தால் நிறைக்கின்றது. ஆதலின் கிள்ளான் பள்ளத்தாக்கின் உள்ளாட்சி மன்றங்கள், துப்பாக்கி வல்லாரைக் கொண்டு காக்கைகளைச் சுட்டுக் குறைக்கும் நடவடிக்கையைப் பலமுறை மேற்கொண்டுள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின், வாயிற்படியில் வைத்த சோறு பொது நடைவழியில் வைக்கப்படலாயிற்று. அண்டை வீட்டார் முகஞ்சுளிக்கின்றனர். காக்கைக்குச் சோறிடும் வழக்கத்தையே விட்டுவிட வேண்டும் என்பாரும், முன்னோர் வழக்கில் எவரும் தலையிடலாகாது என்பாரும் எதிரெதிரே நிற்கின்றனர்.

இருசாராரும் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. ஊர்க்காக்கையின் எண்ணிக்கை அதற்குக் கிடைக்கும் உணவைப் பொறுத்தது. மூடாத குப்பைத்தொட்டியும், உணவுக்கடைகளின் கழிவும், அங்காடிச் சிதறலும் உள்ளவரை சுடப்பட்டவற்றின் இடத்தை வேறு காக்கைகள் நிரப்பும். ஒரு கைப்பிடிச் சோறு அப்பெருந்தீனிக்கு முன் மிகச் சிறிது. ஆயினும் எஞ்சிய குழம்புச் சோற்றையெல்லாம் மதில்மேல் கொட்டிவிட்டு உள்ளே செல்பவர், அச்சிறிதைக் குப்பையோடு சேர்த்துவிடுகின்றார். பழைய வழக்கத்தில் அளவு இருந்தது: முதற்பிடி, தூய இடம், இலைத்துண்டு, அழைக்கும் குரல், உண்ணும்வரை காத்திருத்தல். எச்சிலை இட்டது அன்று அவ்வழக்கம். 'எச்சிற் கையால் காக்கை ஓட்டாதவன்' எனக் கருமியை இகழ்ந்த அதே தமிழர், காக்கைக்கு எச்சில் படாத சோற்றையே வைத்தனர்.

காத்திருத்தல் என்பது கவனித்தலும் ஆகும். தமிழாசிரியர் மாணவரைக் கொண்டு செய்விக்கத்தக்க எளிய பயிற்சி இதில் உள்ளது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு பிடி வைத்து, முதலில் வந்தது எது, எத்தனை முறை கரைந்தது, எத்தனை சேர்ந்தன எனக் குறித்து வரலாம். சுற்றந்தழால் அதிகாரத்தில் காக்கை மறைக்காது தன் இனத்தை அழைத்து உண்ணும் என வள்ளுவர் கூறினார். மாணவன் அவ்வழைப்பைக் காண்பான்; வயிறு நிறைந்த காக்கை எஞ்சியதைக் கூரையிடுக்கில் ஒளித்து வைப்பதையும் சில வேளை காண்பான். குறள் பொய்த்ததோ என அவன் வினவினால், பாடம் அங்கே தொடங்குகின்றது. புலவர் ஓர் உயிரின் இயல்புகளுள் மக்கட்குப் பாடமாகத்தக்க ஒன்றைத் தேர்ந்து கூறினார். முழு இயல்பையும் அறிதல் காண்பவன் கடமை.

சோற்றுப் பிடியோடு கனிந்த பப்பாளித் துண்டும் சிறிது நீரும் வைக்கும் மனைக்குக் காக்கை மட்டுமன்றி மைனாவும் கொண்டைக்குருவியும் வரும். முற்றத்தில் சிந்திய அரிசிக்குப் புள்ளிப்புறாவும் சிட்டும் இறங்கும். அவற்றின் தமிழ்ப்பெயரும் மலாய்ப்பெயரும் அறிந்து வளரும் பிள்ளை இந்நாட்டை நன்கறிந்த பிள்ளையாவான்.

புழுத் தின்ன அழைத்து வரப்பட்ட காக்கையிடம் குற்றமில்லை. அதன் முன்னே சோறு வைத்த தாய்மாரிடமும் குற்றமில்லை. அளவு மறந்த இடத்திலேயே தொல்லை தொடங்கிற்று. குப்பையை மூடுதல் நகரின் கடமை. பிடியளவு வைத்து, உண்டபின் இடத்தைத் துடைத்தல் வீட்டின் கடமை. இவ்விரண்டும் நிகழுமாயின், நச்செள்ளையார் பாடிய பலி கிள்ளான் அடுக்குமாடியிலும் எவர்க்கும் இடரின்றி நிலைபெறும்.