கார்ட்லெஸ் தொலைபேசி: நிறுவுதலும் பாதுகாப்பான பயன்பாடும்

கார்ட்லெஸ் தொலைபேசி என்பது ஒரு தரைவழித் தொலைபேசி இணைப்பை வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ கையில் எடுத்துச் சென்று பேச உதவும் கருவி. இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. தொலைபேசி லைனோடும் மின்சாரத்தோடும் இணைந்து ஓரிடத்தில் நிற்பது பேஸ். பேட்டரியில் இயங்கி, பேசுபவரோடு நடமாடுவது ஹேண்ட்செட். இரண்டும் ரேடியோ அலைகளால் தொடர்பு கொள்கின்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வைகர்ட் 1969இல் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1980களின் தொடக்கத்தில் இது அந்நாட்டுக் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது. செல்போன் தொலைவிலுள்ள டவரை நாடுகிறது. கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டோ தன் பேஸைத் தவிர வேறெதையும் அறியாது. இன்று பெரும்பாலும் விற்கப்படும் டெக்ட் வகைக் கருவிகள் கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டரும், தடையற்ற வெளியில் சுமார் 300 மீட்டரும் எட்டும்.

இக்கருவியோடு வரும் கையேடுகள் எச்சரிக்கைகளை நீளமாக அடுக்குகின்றன. தண்ணீர் படக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, வேறு பேட்டரி போடக் கூடாது என்று எல்லாம் ஒரே கனத்தில் அச்சாகியிருப்பதால், எதைத் தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து, எதைத் தவறவிட்டால் வெறும் இரைச்சல் என்பது படிப்பவருக்குப் புலப்படுவதில்லை. கம்பி இருந்த காலத்தில் அது என்ன செய்தது என்று பார்த்தால் இது தெளிவாகும். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 48 வோல்ட் டிசி மின்சாரத்தைக் கொண்டுவந்து கருவியை அது இயக்கியது. பேச்சைத் தனக்குள் அடைத்து வைத்தது. எந்தக் கருவி எந்த இணைப்புக்கு உரியது என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டது. கம்பியை எடுத்ததும் இந்தப் பொறுப்புகள் தொலைபேசித் துறையிடமிருந்து வாங்கியவரின் வீட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அவற்றை நிறைவேற்றும் வாய்ப்பு கருவியை நிறுவும் நாளில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. எனவே கார்ட்லெஸ் தொலைபேசியின் பாதுகாப்பு, பேசும்போது காட்டும் கவனத்தைவிட, பெட்டியைப் பிரித்த முதல் நாளின் வேலைகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

அந்த வேலை கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்குகிறது. டெக்ட் என்பது ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1992இல் வெளியிட்ட தரம். ஐரோப்பாவில் அது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. அமெரிக்காவில் அந்த இடம் வேறு சேவைகளுக்குப் போய்விட்டதால், அங்கே 2005 முதல் டெக்ட் 6.0 என்ற பெயரில் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கினார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவரும் கருவிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இந்தியாவிலும் இலங்கையிலும் 1920 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பகுதி, செல்போன்கள் டவருக்குச் சிக்னல் அனுப்பும் பாதையாக 3ஜி சேவைக்கு ஒதுக்கப்பட்டது. டவர் காது கொடுத்துக் கேட்கும் அதே அலைவரிசையில் ஒரு வீட்டின் பேஸ் ஓயாமல் ஒலிபரப்பினால், அக்கம்பக்கத்தாரின் அழைப்புகள் அறுபடும். கருவியின் சொந்தக்காரருக்கு இது தெரியவே தெரியாது. அவருடைய போன் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இவ்வகைக் கருவிகளுக்கு எதிராக எச்சரித்ததும் இதனால்தான். போதாக்குறைக்கு, அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியவுடன் கருகிவிடும். அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுவது நல்லது.

இணைப்பு வேலை எளிது. லைன் ஒயரைச் சுவரிலுள்ள ரோசெட் பெட்டியிலும் அடாப்டரை எளிதில் கை எட்டும் பிளக் பாயிண்ட்டிலும் செருக வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில் லைனில் சுமார் 75 வோல்ட் ஏசி மின்சாரம் வரும் என்பதால், ரோசெட்டைத் திறந்து வெற்றுக் கம்பியைத் தொடுவது கூடாது. பழைய தாமிர லைனிலேயே பிராட்பேண்டும் வருகிறது என்றால், இரண்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாகத்தான் பேஸை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சில் இரைச்சல் கேட்கும். ஃபைபர் இணைப்பாக இருந்தால் மோடத்தின் பின்புறத்தில் உள்ள தொலைபேசித் துளைதான் லைன். பேஸை வீட்டின் நடுப்பகுதியில், சற்று உயரத்தில், பீரோ, பிரிட்ஜ் போன்ற இரும்புப் பரப்புகளிலிருந்து விலக்கி வைத்தால் சிக்னல் எல்லா அறைகளுக்கும் போகும்.

பேட்டரி விஷயத்தில்தான் வீடுகளில் உண்மையான தவறுகள் நடக்கின்றன. ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் தள்ளித் திறந்தால் பெரும்பாலான மாடல்களில் இரண்டு செல்கள் தெரியும். டிவி ரிமோட்டுக்குப் போடும் அதே அளவு, அதே உருவம். ஆனால் இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றத்தக்கவை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து இவை தளர்ந்ததும், கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டுவிடுவது வழக்கம். வடிவம் பொருந்துகிறது, திரையும் ஒளிர்கிறது, பேசவும் முடிகிறது. அவசரத்துக்குத்தானே என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அந்தச் சமாதானம் ஹேண்ட்செட்டை சார்ஜ் ஏற்றும் தொட்டிலில் வைக்கும்வரைதான் செல்லும். தொட்டிலோ, உள்ளே இருப்பது எந்த வகை செல் என்று பார்க்காமலே மின்சாரத்தை ஏற்றத் தொடங்கும். சார்ஜ் ஏற்றுவதற்கென்று செய்யப்படாத செல்லுக்குள் வாயு உருவாகி அழுத்தம் கூடும். செல்லின் அடைப்பு உடைந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அரிக்கும் காரம் கசியும். மோசமான நிலையில் செல் வெடிக்கவும் கூடும். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது அந்தக் கசிவு காய்ந்த அடையாளம். அதை வெறும் விரலால் சுரண்டக் கூடாது. அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. செல்லின் மேல் ரீசார்ஜபிள் என்ற சொல்லும் 1.2 வோல்ட் என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்றே போதும், இந்த ஆபத்து முழுவதும் விலகும். இரண்டு செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்ற வேண்டும். முதல் சார்ஜ் மாடலைப் பொறுத்து ஏழு மணி நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம்வரை ஆகும். திரையில் பேட்டரி படம் அதற்கு முன்பே நிறைந்துவிட்டதாகக் காட்டினாலும் எடுத்துவிடக் கூடாது. புதிய செல்லின் உண்மையான கொள்ளளவு அந்த மீட்டருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

அடுத்தது பேச்சின் இரகசியம். முதல் தலைமுறைக் கருவிகள் 1.7 மெகாஹெர்ட்ஸ், 49 மெகாஹெர்ட்ஸ் போன்ற திறந்த அலைவரிசைகளில் பேச்சை அப்படியே ஒலிபரப்பின. பக்கத்து வீட்டார் சாதாரண ரேடியோவிலேயே உரையாடலைக் கேட்ட வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வந்தன. மின்னணுத் தொடர்புகளின் இரகசியத்துக்காக 1986இல் அந்நாட்டில் இயற்றிய சட்டம், கார்ட்லெஸின் ரேடியோப் பகுதியைப் பாதுகாப்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. 1994இல்தான் அதைச் சேர்த்தார்கள். டெக்ட் டிஜிட்டல் ஆனதால் இந்தக் கவலை ஒழிந்தது என்று பலர் கருதினார்கள். டெக்டில் பேச்சு எண்களாக மாறி, 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுழலும் 24 காலத்துண்டுகளில் ஒன்றில் போகிறது என்பது உண்மைதான்; பழைய ரேடியோ பெட்டியில் இனி எதுவும் கேட்காது. ஆனால் எண்ணாக மாற்றுவதும் பூட்டுவதும் வேறு வேறு. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கணினி மாநாட்டில், மலிவான ஓர் அட்டையை லேப்டாப்பில் செருகி டெக்ட் உரையாடல்களைக் கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல கருவிகள் மறையாக்கம் செய்யாமலே பேச்சை அனுப்பின; வேறு சிலவற்றின் ஹேண்ட்செட்கள், போலி பேஸ் ஒன்று மறையாக்கம் வேண்டாம் என்று சொன்னால் மறுக்காமல் ஒப்புக்கொண்டன. அதன் பிறகே தரம் இறுக்கப்பட்டு, 128 பிட் மறையாக்கமும் சேர்க்கப்பட்டது.

வீட்டில் பேசும் பேச்சை யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற மறுப்பு இங்கே எழும். ஆனால் இன்று கார்ட்லெஸ் அதிகம் புழங்கும் இடங்களில் மருத்துவரின் கிளினிக்கும் வழக்கறிஞர் அலுவலகமும் கடையின் பில்லிங் மேசையும் உண்டு. வங்கியின் தானியங்கிக் குரல் கேட்கும் இரகசிய எண்ணைப் பலர் இதன் பொத்தான்களிலேயே அழுத்துகிறார்கள். பாதுகாப்புக்குச் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஹேண்ட்செட்டைப் பேஸோடு பதிவுசெய்யும்போது, பேஸில் உள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் பதிவு என்பதைத் தேர்ந்து, நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுக்கிறோம். இரண்டு கருவிகளும் பின்னால் பயன்படுத்தப்போகும் இரகசியச் சாவி அந்த நேரத்தில்தான் உருவாகிறது. ஆலையிலிருந்து வரும்போது அந்த எண் பெரும்பாலும் 0000. அதை முதலில் மாற்றிவிட்டு, பிறகு ஹேண்ட்செட்டைப் பதிவுசெய்வதே சரியான வரிசை. பிறர் பயன்படுத்திய பழைய கருவியை வாங்கியிருந்தால், அதில் ஏற்கெனவே பதிவான ஹேண்ட்செட்கள் அனைத்தையும் நீக்க வேண்டும். இல்லையேல் முன்னவரின் ஹேண்ட்செட் எட்டும் தூரத்துக்குள் வந்தால் உங்கள் லைனில் உரிமையோடு பேசும்.

எல்லாவற்றிலும் கனமானது மின்சாரம். மின்வெட்டின்போது ஹேண்ட்செட்டில் பேட்டரி இருக்கும், திரை ஒளிரும். ஆனால் பேஸ் அணைந்திருப்பதால் அழைப்பு போகாது. அவசர உதவி எண்களான 108க்கோ 112க்கோ அழைக்க வேண்டிய நேரத்தில் இது தெரியவருவது கொடுமை. அதனால்தான் அதே லைனில் பேரலலாக ஒரு சாதாரண கம்பித் தொலைபேசி இருக்க வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துகின்றன. தாமிர லைனில் அது எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்திலேயே ஓடும். ஃபைபரில் இந்தத் தீர்வும் பாதிதான். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் கம்பித் தொலைபேசியும் ஊமை. பிரிட்டனில் தாமிர வலையமைப்பை மூடும் பணியை ஒட்டி, அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், மின்சாரம் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி இருக்க வேண்டும் என்று 2018இல் வழிகாட்டியது. இங்கே வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். பல வீடுகளில் இன்வெர்ட்டர் ஒயரிங் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே போகிறது. மோடமும் பேஸும் செருகிய பாயிண்ட் அதில் இருக்காது. மெயினை ஒருமுறை அணைத்துவிட்டு ஹேண்ட்செட்டில் டயல் டோன் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். வராவிட்டால் மோடத்துக்கும் பேஸுக்கும் தலா ஒரு மினி யூபிஎஸ், சரியான வோல்ட்டில் வாங்கிப் போடலாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் தமிழ்நாட்டின் காவிரி டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அத்தகைய வேளையில் இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும் சேர்ந்தே தீரும். செல்போன் உண்டு என்ற பதிலும் டவரின் பேட்டரி இருக்கும்வரைதான். அதனால் தாமிர லைன் இன்னும் வைத்திருப்பவர்கள், குறிப்பாக முதியவர்கள் தனியே வாழும் வீடுகளில், கம்பித் தொலைபேசியைக் கழற்றிப் பரணில் போடாமல் இருப்பதே நல்லது.

மக்கள் அதிகம் அஞ்சுவது கதிர்வீச்சுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய வரிசையில் வைத்தது உண்மை. சான்றுகள் வரம்புக்குட்பட்டவை என்றும் அதே முகமை சொன்னது. அளவைப் பார்த்தால் ஒப்பீடு தெளிவாகும். டெக்ட் ஹேண்ட்செட்டின் உச்ச ஆற்றல் 250 மில்லிவாட். 24 காலத்துண்டுகளில் ஒன்றில் மட்டுமே அது பேசுவதால் சராசரி சுமார் 10 மில்லிவாட். பழைய 2ஜி செல்போன் முழு ஆற்றலில் இயங்கும்போது சராசரி சுமார் 250 மில்லிவாட். டவர் அருகில் இருந்தால் செல்போன் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேச்சு இல்லாத நேரத்திலும் பேஸ் மெல்லிய அடையாளச் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் குறைக்க விரும்பினால் மெனுவில் ஈகோ முறையை இயக்கி, பேஸைக் கட்டிலின் தலைமாட்டில் வைக்காமல் இருந்தால் போதும்.

காதுக்கு உண்மையில் தீங்கு செய்தது வேறொன்று. 1980களின் சில மாடல்களில் மணியொலி, பேச்சு கேட்கும் அதே துளை வழியாக வந்தது. பேச்சு நிலைக்கு மாற்ற மறந்து காதில் வைத்தவர்களுக்கு நிரந்தரச் செவித்திறன் இழப்பு ஏற்பட்டதை அமெரிக்கக் காது மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பிறகு மணியின் ஒலிபெருக்கி காதிலிருந்து விலக்கி அமைக்கப்பட்டது. இன்றும் ஸ்பீக்கர் இயங்கும்போது ஹேண்ட்செட்டைக் காதோடு ஒட்டி வைக்கலாகாது. இடி மின்னலில் கார்ட்லெஸ் கம்பித் தொலைபேசியைவிட மேலானது. லைனில் பாயும் மின்சாரம் பேசுபவரை எட்டாது. கருவி பிழைக்க வேண்டுமானால் மழை நெருங்கும் முன்பே லைன், அடாப்டர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பின் அந்த ஒயர்களில் கை வைக்கக் கூடாது. கேஸ் கசிவு வாசனை வந்தால் வீட்டுக்குள்ளிருந்து எந்தத் தொலைபேசியையும் இயக்காமல், வெளியே போய்த்தான் இந்தியாவின் கேஸ் கசிவு அவசர எண்ணான 1906ஐ அழைக்க வேண்டும்.

கருவியைக் கைமாற்றும்போதோ கழிக்கும்போதோ தொலைபேசிப் புத்தகத்தையும் அழைப்புப் பட்டியலையும் அழித்து, பேஸை ஆலை நிலைக்குத் திருப்ப வேண்டும். பழைய ஹேண்ட்செட்களில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரியில் நச்சு உலோகமான காட்மியம் இருப்பதால் அது குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தியாவில் உற்பத்தியாளர்கள்மீது வைக்கின்றன. முனைகளில் டேப் ஒட்டி, அத்தகைய சேகரிப்பு இடத்திலோ மின்னணுக் கழிவு மையத்திலோ ஒப்படைக்கலாம்.