காதால் படிக்கும் சரித்திரம்

நான் பள்ளியில் படித்த சரித்திரம் வெறும் வருஷங்களின் ஜாபிதா. தேதி தவறினால் பிரம்படி. என் மகளோ காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி இரண்டாம் உலக யுத்தத்தைக் கேட்கிறாள். 2001-ல் ஐபாட் வந்தது. 2004-ல் 'பாட்காஸ்ட்' என்ற சொல் பிறந்தது. பாடம் சட்டைப் பைக்குள் புகுந்துவிட்டது. 2022-ல் ஐபாட் நின்றுபோயிற்று. கேட்கும் வழக்கம் நிற்கவில்லை.

எனக்கு அதில் சந்தோஷமே. 1947 ஆகஸ்ட் 14 இரவு நேரு பேசிய குரலைக் கேட்ட பிள்ளைக்கு அந்தத் தேதி மறக்குமா?

ஒருநாள் மகள் சொன்னாள்: "அப்பா, 1940 ஜூன் 18-ல் டிகால் லண்டன் ரேடியோவில் பேசினாரே, அதைக் கேட்டேன்!"

"அந்தப் பேச்சுக்கு ஒலிப்பதிவே கிடையாது, அம்மா. பிரெஞ்சு மக்களைப் போராட அழைத்து 22-ம் தேதி மறுபடியும் பேசினார். அதுதான் பதிவாகியிருக்கிறது. பலரும் அதையே முதற் பேச்சென்று நம்புகிறார்கள்."

அவள் கருவியைக் கழற்றினாள். "அப்படியானால் மற்றதெல்லாம் நிஜந்தானா?"

தமிழில் காதால் கற்பதற்கும் 'கேள்வி' என்றுதான் பெயர். வினாவுக்கும் அதுவே பெயர். முதற் கேள்வியைக் கருவி கொடுத்துவிடும். இரண்டாவதை எழுப்ப வீட்டிலோ வகுப்பிலோ ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.