பகைக்குக் காரணம் எங்கே?

இத்தாலி நாட்டின் வடபுறத்தே, ஆதிஜே ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் வெரோனா. அந்நகரிலே ஒரு வீடு. வீட்டின் முற்றத்திலே ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. அண்ணாந்து பார்த்தால் கல்லாலான ஒரு மாடம். ஜூலியட் வாழ்ந்த வீடு இதுதான், ரோமியோவிடம் அவள் பேசிய மாடம் இதுதான் என்று காட்டுகிறார்கள். பல நாட்டு மக்கள் வந்து கூடுகிறார்கள். சிலையைத் தொட்டால் காதல் கைகூடும் என்பது நம்பிக்கை! தொட்டவர் தொகை பெருகிப் பெருகி, தேய்ந்து பழுதான சிலையை அகற்றிவிட்டு, 2014-இல் அதன் படி ஒன்றை அவ்விடத்தில் நிறுத்த நேர்ந்தது.

ஜூலியட் என்றொரு பெண் அவ்வீட்டில் வாழ்ந்தாள் என்பதற்குச் சான்று இல்லை. மாடமோ, இருபதாம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் புரட்டிப் பார்த்தாலும் மாடம் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் ஓரிடத்திலும் இல்லை, சாளரம்தான் உண்டு. இல்லாத மாடத்தைக் கட்டி எழுப்பிவிட்ட உலகம், நாடகத்தின் தொடக்கத்திலேயே நிற்கும் கேள்வியொன்றை மட்டும் கேட்க மறந்தது. மாண்டேகு குடும்பத்துக்கும் காபுலெட் குடும்பத்துக்கும் என்னதான் பகை?

பதினைந்து, பதினாறு வயது மாணவர்க்கு இந்நாடகத்தைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே என்பது நமது கருத்து. ஏனெனில், நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்நாடகத்தின் வரலாறே, குற்றவாளி யார் என்ற வழக்கின் வரலாறு.

கதை ஷேக்ஸ்பியர் பிறக்கும் முன்பே பிறந்தது. 1476-இல் மசூச்சோ என்பார் சியேனா நகரத்துக் காதலர் இருவரைப் பற்றி எழுதினார். 1530-ஐ ஒட்டி லூயிஜி த போர்த்தோ அக்கதையை வெரோனாவில் குடியேற்றினார். ரோமியோ, ஜூலியெத்தா என்ற பெயர்களைச் சூட்டினார். இரு குடும்பங்களின் பெயர்களும் அவருக்கு முன்னரே தாந்தேயின் காவியத்தில் வருவன. பின்னர் பாந்தெல்லோ 1554-இல் எழுத, 1559-இல் பிரெஞ்சு மொழியில் புகுந்து, 1562-இல் ஆர்தர் புரூக் என்பவரின் ஆங்கிலப் பாட்டாக வடிவெடுத்தது.

புரூக் தம் நூலுக்கு எழுதிய முன்னுரை கவனத்துக்குரியது. பெற்றோர் சொல்லையும் பெரியோர் அறிவுரையையும் புறக்கணித்து, ஆசைக்கு அடிமையாகி, அழிவைத் தேடிக்கொண்ட இருவரின் கதை இது. இளைஞர்கள் கண்டு அஞ்சுவார்களாக — இது அம்முன்னுரையின் சாரம். அவரது பாட்டு காதலருக்காக இரங்குகிறது, முன்னுரையோ தண்டிக்கிறது! பகை வளர்த்த பெரியவர்கள்மீது அந்த முன்னுரையில் சுடுசொல் ஒன்றுகூட விழவில்லை.

அப்பாட்டைத்தான் ஷேக்ஸ்பியர் கையிலெடுத்தார். 1595-ஐ ஒட்டி நாடகம் உருவாயிற்று; 1597-இல் முதன்முதலாக அச்சேறியது. கதை புரூக்கினுடையது, தீர்ப்பு ஷேக்ஸ்பியருடையது. பல மாதங்கள் நடந்த கதையை ஐந்தே நாளில் அடக்கினார். பதினாறு வயது ஜூலியட்டைப் பதினான்கு நிறையாத சிறுமியாக்கினார். இறுதிக் காட்சியில், பிணங்களின் முன்னே தந்தையர் இருவரையும் நிறுத்தி, உங்கள் பகைமேல் விழுந்த அடியைப் பாருங்கள் என்று நகரத்தின் கோமகன் சொல்லும்படி வைத்தார். கலகத்தைக் கண்டும் காணாதிருந்த தானும் குற்றவாளியே என்று ஆள்பவனே ஒப்புக்கொள்கிறான்!

இந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் இனித்ததா? இல்லை. 1660-களில் ஜேம்ஸ் ஹோவர்ட் என்பவர் காதலரைச் சாகவிடாமல் பிழைக்க வைத்து நாடகத்தைத் திருத்தினார். ஒருநாள் சாவு, மறுநாள் வாழ்வு என்று இலண்டனில் மாற்றி மாற்றி நடித்தார்கள். 1748-இல் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக், ஜூலியட்டின் வயதைப் பதினெட்டாக உயர்த்தினார். ரோமியோ உயிர்விடும் முன்பே அவளை விழிக்கச் செய்து, கல்லறையில் கண்ணீர் உரையாடல் ஒன்றைச் சேர்த்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மக்கள் கண்டது அந்தக் கேரிக் நாடகத்தையே. 1818-இல் தாமஸ் பௌட்லர் குடும்பத்தில் படிக்கத் தகாதவை எனத் தாம் கருதிய வரிகளை வெட்டியெறிந்து ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்தார். 1845-இல் அமெரிக்க நடிகை சார்லட் குஷ்மன், ஆணுடை அணிந்து தாமே ரோமியோவாக, தம் தங்கை ஜூலியட்டாக, இலண்டன் மேடையில் தோன்றி, கேரிக்கை விலக்கி ஷேக்ஸ்பியரை மீட்டார்.

வகுப்பறையின் கதை வேறு. 1862-இல் இங்கிலாந்தில், மாணவரின் தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் என்ற திட்டம் வந்தது. பாடம் மனப்பாடமாயிற்று, ஒப்பித்தல் கல்வியாயிற்று. அந்தப் பழக்கத்தை எதிர்த்து எழுந்தவர்களுள் ஒருவர், கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளி ஆசிரியர் கால்டுவெல் குக். நாடகம் நடிப்பதற்கே எழுதப்பட்டது. நடித்தே கற்கட்டும் என்றார். சிறுவர்க்கெனப் பள்ளியில் மேடை அமைத்தார். 1917-இல் 'தி பிளே வே' என்ற நூலில் தம் முறையை விளக்கினார். 1986-இல் அதே கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்சன் தொடங்கிய 'பள்ளிகளில் ஷேக்ஸ்பியர்' திட்டம் அவ்வழியை மேலும் அகலமாக்கியது.

அவ்வழியில் நின்று, மாணவர் இலக்கிய மன்றத்தில் நாம் செய்து பார்த்த நான்கு பயிற்சிகளை இங்கே வைக்கிறோம். நடிப்பதற்கு ஆண்களா பெண்களா என்ற தயக்கம் வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஜூலியட்டாக நடித்தவன் ஒரு சிறுவன். குஷ்மன் காலத்தில் ரோமியோவாக நடித்தவள் ஒரு பெண்!

முதற்பயிற்சி, தேடல். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, நாடகப் பகுதிகளைப் பங்கிட்டுக் கொடுத்து, பகைக்கான காரணத்தைத் தாளில் எழுதி வரச் சொல்ல வேண்டும். தேடுவார்கள். வேலைக்காரர்கள் மோதுகிறார்கள், தலைவர்களின் பகை தங்கள் பகை என்கிறார்கள். வெற்றுச் சொல்லொன்றிலிருந்து மும்முறை கலகம் மூண்டது என்று கோமகன் கடிகிறான். அச்சொல் எதுவென்று அவனும் சொல்லவில்லை. விருந்துக்கு வந்த ரோமியோவை நல்ல இளைஞன் என்று காபுலெட்டே பாராட்டுகிறான்! எழுதுவதற்கு ஒன்றும் அகப்படாமல் வெற்றுத்தாளோடு எழுந்து நின்றான் ஒரு மாணவன். "ஐயா, காரணமே இல்லையே?" என்றான். "அந்த வெற்றுத்தாள்தான் விடை" என்றோம். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. காரணம் சொல்லத் தெரியாத பகை வெரோனாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அறிவார்கள்.

இரண்டாம் பயிற்சி, நாட்குறிப்பு. கரும்பலகையில் ஞாயிறு முதல் கிழமைகளை எழுதி, நிகழ்ச்சிகளை அதனதன் இடத்தில் நிரப்பச் சொல்ல வேண்டும். இளமை அவசரப்பட்டது, அழிந்தது என்பது பழைய பல்லவி. கணக்கைப் பாருங்கள்! ஞாயிறன்று, மகளின் மணத்துக்கு இன்னும் ஈராண்டு பொறுக்க வேண்டும் என்று பாரிசிடம் சொன்ன தந்தை, திங்கள் இரவு அவளைக் கேளாமலே வியாழனுக்கு நாள் குறிக்கிறார். செவ்வாயன்று அதையும் புதனுக்கு முன்தள்ளுகிறார். காதலர் அவசரப்பட்டது உண்மை. பெரியவரின் அவசரம் அதற்குக் குறைந்ததா? நாட்குறிப்பைத் தாமே நிரப்பிய மாணவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் பயிற்சி, நாற்காலி. நடுவே ஜூலியட்டாக ஒருவர். சுற்றி நான்கு நாற்காலிகளில் தந்தை, தாய், செவிலி, பாதிரியார். பாரிசை மணக்க மறுக்கிறாள் பெண். தெருவில் கிடந்து சாவாய் என்று சீறுகிறார் தந்தை, நாற்காலி திரும்புகிறது. இனி உன்னோடு பேச்சில்லை என்கிறாள் தாய்; இரண்டாம் நாற்காலி திரும்புகிறது. பாரிசையே மணந்துகொள் என்கிறாள் பாலூட்டிய செவிலி, மூன்றாவதும் திரும்புகிறது. எஞ்சியவர் பாதிரியார். நான்தான் இவர்களுக்கு மணம் செய்துவைத்தேன் என்று ஒரு வார்த்தை ஊரறியச் சொல்லியிருக்கலாம், மருந்தைக் கொடுக்கிறார்! பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சுற்றி நான்கு முதுகுகள். இவளது வயதைப் பற்றி மாணவர் கேட்பார்கள், கேட்கட்டும். அன்றைய இங்கிலாந்தில் சட்டம் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலேயே மணத்தை அனுமதித்தது. ஆயினும் பெரும்பாலான பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணந்தனர். 1929-இல் அந்நாடு அதனைப் பதினாறாக்கியது; 2023-இல் இங்கிலாந்தும் வேல்சும் பதினெட்டாக்கின. கட்டாயத் திருமணம் அங்கே 2014 முதல் தனிக்குற்றம். காபுலெட் இன்று அந்நாட்டில் இருந்தால் மணமேடைக்கு அன்று, நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்.

நான்காம் பயிற்சி, நிறுத்தம். நாடகத்தை நடிக்கவிட்டு, எந்த இடத்திலும் மாணவர் எழுந்து "நில்" எனலாம். அங்கே யார் என்ன செய்திருந்தால் சாவு தவிர்ந்திருக்கும் என்று சொல்லி, அதனை நடித்துக் காட்ட வேண்டும். கொள்ளை நோய் ஐயத்தால் வீட்டுக்குள் அடைபட்டு, கடிதத்தைச் சேர்க்க முடியாத தூதரிடத்தில் நிறுத்தினான் ஒருவன். நாற்காலிக் காட்சியில் எழுந்து, "நான் தாயாக வருகிறேன்" என்று சொல்லி, திரும்பிய நாற்காலியை மீண்டும் மகள் பக்கம் திருப்பிவைத்தாள் ஒரு மாணவி. அவ்வளவுதான் செய்தாள். அதற்குமேல் நாடகம் நகரவில்லை!

இந்த நான்காம் பயிற்சியை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. இளம் உள்ளத்தின் முன்னே சாவைக் காதலின் சான்றாகக் காட்டுவது நஞ்சு. ரோமியோ குடித்த நஞ்சினும் கொடியது. அவர்கள் இறந்ததால் காதல் வென்றது என்று கற்பிப்பவர், புரூக்கின் முன்னுரையைத் தலைகீழாக எழுதுகிறார், அவ்வளவே. அவரும் பகையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார். வழி இருந்தது, ஒன்றல்ல, பல இருந்தன, ஒவ்வொன்றையும் அடைத்தவர் ஒருவர் இருந்தார் என்று மாணவன் தானே கண்டறிய வேண்டும். தனக்கோ தன் தோழனுக்கோ அத்தகைய வேளை வந்தால், திறந்திருக்கும் கதவைத் தேடும் பழக்கம் அப்போது கைகொடுக்கும்.

நாடகத்தின் முடிவில் தந்தையர் கைகோக்கிறார்கள். ஜூலியட்டுக்குப் பொன்னால் சிலை வைப்பேன் என்கிறார் மாண்டேகு. ரோமியோவுக்கும் அவ்வாறே என்கிறார் காபுலெட். துயரத்திலும் போட்டி! உயிரோடு இருந்தபோது ஒரு சொல்லுக்கு இடங்கொடாதவர்கள், இறந்தபின் பொன்னுக்குக் குறை வைக்கவில்லை.

வெரோனாவின் முற்றத்தில் சிலையைத் தொட நிற்பவர்கள் நிற்கட்டும். நம் வகுப்பறையில், வெற்றுத்தாளைக் கையில் ஏந்தி எழுந்து நிற்கும் மாணவன் நமக்குப் போதும். அவன் கேட்கும் கேள்வியை, தந்தையர் இருவரில் ஒருவர் ஒருநாள் முன்னதாகக் கேட்டிருந்தால், சிலைக்கே தேவை இருந்திராது.