அல்சாஸ்: இரண்டு தேசியங்களுக்கு நடுவே

ரைன் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள அல்சாஸில் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிவந்தது ஜெர்மன் வட்டார வழக்கு. அந்த நிலம் 17-ஆம் நூற்றாண்டில் படிப்படியாகப் பிரெஞ்சு மன்னர்களின் கைக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரை 14-ஆம் லூயி 1681-இல் பிடித்தார். பேச்சு மாறவில்லை. ஆனால் 1789 புரட்சிக்குப் பின் அங்கே பலர் தங்களைப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே கருதினர்.

1870-இல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது, மண் யாருக்கு என்று வரலாற்றாசிரியர்களும் வழக்காடினர். மொழியாலும் மரபாலும் அல்சாஸ் ஜெர்மானியமே என்பது ஜெர்மன் அறிஞர் தியோடர் மொம்சென் பக்கத்து வாதம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் முன்பு பேராசிரியராக இருந்த ஃபுஸ்டெல் தெ கூலாஞ்ச் மறுத்தெழுதினார்: மொழியும் இனமும் தேசத்தை ஆக்குவதில்லை; மக்களின் நினைவுகளும் விருப்பமுமே ஆக்கும். தீர்ப்பைப் பீரங்கிகள் எழுதின. 1871 மே 10 அன்று கையெழுத்தான பிராங்க்பர்ட் உடன்படிக்கைப்படி அல்சாஸின் பெரும்பகுதியும் லோரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. அவற்றோடு போன மெட்ஸ், பிரெஞ்சு பேசும் நகரம். ஜெர்மன் தளபதிகள் கேட்டது அதன் கோட்டையை. மொழி வாதம் அங்கே வசதியாக மறந்துபோயிற்று.

இந்த இழப்பை விழுங்கிக்கொண்டு ஜெர்மனியோடு உறவாட எந்தப் பிரெஞ்சு அரசாலும் முடியவில்லை. 1894-இல் பிரெஞ்சுக் குடியரசு ரஷ்யாவின் ஜார் மன்னரோடு கூட்டணி அமைத்தது. கொள்கையில் ஒட்டாத இருவரைப் பொது எதிரி சேர்த்துவைத்தான்.

ஜெர்மனியும் அந்த மக்களை நம்பவில்லை. 1913-இல் அல்சாஸின் ஸாபெர்ன் ஊரில் ஓர் இளம் அதிகாரி அல்சாஸ்காரர்களை இழித்துப் பேச, எதிர்ப்புக் கிளம்பியது. ராணுவம் பொதுமக்களைப் பிடித்து அடைத்தது. ஜெர்மன் நாடாளுமன்றம் 293-க்கு 54 என்ற வாக்குக் கணக்கில் சான்சலரைக் கண்டித்தது. அவரோ பதவியில் நீடித்தார்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்க, 1918-இல் பிரான்ஸ் திரும்பி வந்தது. விருப்பமே தேசம் என்று வாதிட்ட நாடு, இப்போது பெற்றோர் பிறப்பைப் பார்த்து ஏ, பி, சி, டி என நான்கு வகை அடையாள அட்டை கொடுத்தது. ஜெர்மன் குடியேறிகள் பெருந்திரளாக வெளியேற நேர்ந்தது. 1940-இல் ஹிட்லர் அதே நிலத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார். 1942 முதல் அல்சாஸ், லோரேனின் மோசெல் பகுதி இளைஞர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். பலர் ரஷ்ய முனையிலிருந்து திரும்பவில்லை.

போருக்குப் பின் நிலம் பிரான்ஸிடமே வந்தது. 1949-இல் தொடங்கிய ஐரோப்பிய மன்றத்துக்குத் தலைமையிடமாக ஸ்ட்ராஸ்பூர்க்கை முன்மொழிந்தவர் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னெஸ்ட் பெவின். மேற்கு ஜெர்மனி அடுத்த ஆண்டு இணை உறுப்பினராகவும் 1951-இல் முழு உறுப்பினராகவும் அதில் சேர்ந்தது.